மருத்துவமனை மருந்தாளுநர்: நம் பிள்ளைகளுக்கு ஒரு பாதை

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

  

மருத்துவமனை மருந்தகங்களில் பணிபுரியும் எங்களை இந்த மேடைக்கு அழைத்து, எங்கள் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்ன சங்கத்தாருக்கு நன்றி. ஆயர் ஈத்தாம் நான்கு திசைச் சாலைகள் கூடும் ஊர். உடம்புக்கு முடியவில்லை என்றால், மேற்கே பத்து பஹாட்டிலுள்ள சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனைக்கோ, கிழக்கே குளுவாங்கிலுள்ள என்சே பெசார் ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கோ போகிறோம். டாக்டரைப் பார்த்துவிட்டு, எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து முகப்பின் முன் காத்திருக்கிறோம். அந்த முகப்புக்கு உள்ளே இருப்பவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

பெற்றோர்கள் எங்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். அதைப் பார்த்து மாத்திரை எண்ணிக் கொடுக்க நாலு வருஷப் படிப்பு எதற்கு?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டால் எங்கள் உரையில் பாதி முடிந்துவிடும்.

மருந்துச் சீட்டு கைக்கு வந்ததும், அது யாருக்கு, என்ன வயது, என்ன எடை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, வேறென்ன மருந்து சாப்பிடுகிறார், எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று பார்க்கிறோம். நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த நீரிழிவு மாத்திரை மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 45 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைக்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டிய மருந்து. அதைத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை கெட்டு உயிரே போகலாம். பல நாடுகளில் அப்படி இறந்தவர்கள் உண்டு. சீட்டில் 'வாரம்' என்பது 'தினம்' என்று மாறியிருந்தால், நோயாளியின் கைக்கு மருந்து போகுமுன் அதைத் தடுக்கக்கூடிய கடைசி ஆள் மருந்தாளுநர்.

அப்போது தொலைபேசியை எடுத்து, "டாக்டர், இந்த அளவைக் கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று கேட்க வேண்டும். மறுமுனையில் இருப்பவர் வேலை மும்முரத்தில் இருப்பார். சில வேளை சலித்துக்கொள்வார். முகப்பின் முன்னே வரிசை நீண்டுகொண்டே போகும். இருந்தாலும் கேட்க வேண்டும். மருந்தியலை ஊன்றிப் படித்தவருக்குத்தான் சரியான கேள்வி தோன்றும். துணிவும் பணிவும் சேர்ந்தால்தான் அந்தக் கேள்வி வாயைவிட்டு வெளியே வரும். நாலு வருஷப் படிப்பு அதற்காகத்தான்.

முகப்பில் தெரிவது எங்கள் வேலையின் ஒரு பகுதி. வார்டுகளில் டாக்டர்களோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கப் போகிறோம். வான்கோமைசின் போன்ற மருந்துகள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து, அடுத்த வேளைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்கிறோம். வாயால் சாப்பிட முடியாத குறைமாதக் குழந்தைக்கு நரம்பு வழியே ஏற்றும் சத்துநீரையும், புற்றுநோய் மருந்தையும் கிருமி புகாத அறையில் கலக்கிறோம். மெட்ஃபார்மினும் மெட்ரோனிடாசோலும் பெயரில் ஒத்திருப்பதால் அலமாரியில் அவற்றைப் பிரித்து வைப்பதும், மருந்துக் கிடங்கில் காலாவதித் தேதி பார்ப்பதும்கூட எங்கள் பொறுப்பில் அடங்கும்.

இனி நம் சமுதாயத்தை நேராகத் தொடும் ஒன்றைச் சொல்கிறோம். மருந்து உறையில் 'சத்து பிஜி, தீகா காலி செஹாரி' என்று மலாயில் அச்சடித்திருக்கும். நம் மூத்த தலைமுறைத் தாய்மார்கள் சிலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. 'ஃபாஹாம்?' என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதே தாயிடம் தமிழில், "இதை வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கூடவே மாஜூனும் ஜாமுவும் சாப்பிடுவது அப்போதுதான் தெரியும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஐ.என்.ஆர். என்ற இரத்த அளவு 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டும். ஏறினால் இரத்தக் கசிவு. இறங்கினால் இரத்தக் கட்டி.

நோன்பு மாதத்திலும் இப்படித்தான். நம்மவர்களில் சிலர் யாரையும் கேட்காமல் பகல் மாத்திரையை விட்டுவிடுவார்கள். அல்லது மூன்று வேளை மருந்தையும் நோன்பு திறந்ததும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். கிளிக்லசைட் போன்ற நீரிழிவு மருந்தைச் சஹருக்கு வழக்கமான அளவில் சாப்பிட்டுவிட்டுப் பட்டினி இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். ரமலானுக்கு முன்பே வந்தால், டாக்டரோடு பேசி வேளையையும் அளவையும் மாற்றித் தர முடியும். நம் மொழியும் நம் வழக்கமும் அறிந்த மருந்தாளுநர் ஒருவர் அங்கே இருந்தால், அவர் கேட்காமலே இதைச் சொல்வார். அப்படிப்பட்டவர் நம் பிள்ளைகளிலிருந்து வர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

இது நமக்குப் புதிய துறையும் அல்ல. ஸ்பெயினின் மாலகாவில் பிறந்து 1248-இல் மறைந்த இப்னுல் பைத்தார் சுமார் 1,400 மருந்துப் பொருள்களை அகர வரிசையில் தொகுத்தவர். நம் நாட்டில் மருந்தாளுநர் பதிவுச் சட்டம் 1951-இல் வந்தது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1972-இல் மருந்தியல் படிப்பைத் தொடங்கியது. இன்று மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும், பல தனியார் கல்லூரிகளிலும் இது இருக்கிறது.

பாதை இதுதான். எஸ்.பி.எம்.மில் வேதியியல், உயிரியல், கணிதம் நன்றாக இருக்க வேண்டும். பிறகு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது அடிப்படைக் கல்வி. அதன்பின் நான்காண்டுப் பட்டம். பட்டம் வாங்கியதும் தற்காலிகப் பதிவோடு ஓராண்டுப் பயிற்சி. கூடவே மருந்துச் சட்டத் தேர்வு. இவற்றை முடித்தால் முழுப் பதிவு. பட்டத்துக்கு வசதி இல்லை என்றால், எஸ்.பி.எம்.முக்குப் பிறகு மூன்றாண்டு டிப்ளோமா படித்து உதவி மருந்தாளுநர் ஆகலாம். அதுவும் மதிப்பான வேலை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்பு பட்டம் முடித்தால் அரசாங்க வேலை நிச்சயம் என்ற நிலை இருந்தது. 2016-இன் இறுதியிலிருந்து புதிய டாக்டர்களும் பல் மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் ஒப்பந்த முறையில் எடுக்கப்படுகிறார்கள். 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் வேலைநிறுத்தம் செய்ததை நாடே பார்த்தது. ஆகவே, "சேர்ந்தால் போதும், ஓய்வூதியம் வரை கவலையில்லை" என்ற எண்ணத்தில் யாரும் பிள்ளையை இதில் சேர்க்காதீர்கள். கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் இதில் முன்னேறுவது எப்படி? பயிற்சி ஆண்டில் முகப்பு, வார்டு, கிருமி நீக்கிய அறை, மருந்துத் தகவல் பிரிவு, கிடங்கு என்று எல்லா இடத்துக்கும் அனுப்புவார்கள். நாளை எண்ணிக் கழிப்பவருக்குக் கையெழுத்துப் புத்தகம் நிறையும். கற்றுக்கொள்பவருக்கு எந்தப் பிரிவு தன்னுடையது என்று தெரிந்துவிடும். பிறகு சிறுநீரகம், இருதயம், புற்றுநோய், குழந்தை மருத்துவம் என ஒன்றில் ஆழமாக இறங்க வேண்டும். மருத்துவமனை மருந்தியலில் முதுகலை படிக்கலாம். அனைத்துலகச் சிறப்புச் சான்றிதழ்த் தேர்வும் எழுதலாம். ஒப்பந்தம் முடிந்தாலும், தனியார் மருத்துவமனையோ சிங்கப்பூரோ கேட்பது அந்தத் திறமையைத்தான். அதை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். படிவம் மூன்று முடிக்கும் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆண்டுக்கொரு முறை கூட்டுங்கள். அறிவியல் பாடங்களை அந்த வயதில் தவறவிட்டால் பிறகு திரும்பி வருவது கடினம். நாங்கள் வந்து பேசத் தயார். இரண்டாவது, ரமலானுக்கு ஒரு மாதம் முன் ஒரு நாள், வீட்டிலுள்ள மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டு இந்த மண்டபத்துக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்து, எது எதற்கு, எப்போது என்று தமிழில் எழுதித் தருகிறோம். சந்தேகமானவற்றை டாக்டரிடம் கேட்கவும் வழிசொல்கிறோம். பக்கத்தில் அமர்ந்து எழுத உதவும் மாணவர்களில் ஒருவராவது, இந்தத் தொழிலை நாமும் செய்யலாமே என்று நினைக்கக்கூடும்.