சர்க்கரை குறைந்த வேளை



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை, நீரிழிவுக்குரிய இன்சுலினைச் செலுத்திக்கொண்டேன். வந்து உண்ணலாம் என்று சிற்றுண்டியை ஒத்திவைத்து, ஜெகதளாவிலிருந்து அருவங்காட்டுக்கு நடந்தேன். திரும்பும்போது, மேட்டுவழியின் நடுவே கைகள் நடுங்கின, குளிர்காற்றிலும் உடல் வியர்த்தது, நெஞ்சு படபடத்தது. எதிரே வந்த பழைய மாணவர் ஒருவர் நலம் கேட்டார். அவர் பெயர் என் நினைவுக்கு வரவில்லை. காரணமின்றி அவரைச் சினந்தேன். அவரோ அருகிலிருந்த தேநீர்க்கடையில் சர்க்கரை வாங்கி, நீரில் கரைத்து அருந்தச் செய்தார். கால்மணி நேரத்தில் தெளிவடைந்தேன்.

அன்று என்னுள் நிகழ்ந்தது என்ன? 100 மில்லிலிட்டர் குருதியில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்நிலை. மூளைக்கு முதன்மையான எரிபொருள் சர்க்கரையே. அது குறைந்ததும் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. கல்லீரலில் சேமித்த சர்க்கரை வெளிவருகிறது. அத்துடன் இதயமும் விரைந்து துடிக்கிறது. குருதித் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் இயல்பைப் பெறுகின்றன. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் பெருகுகின்றன. குருதிக்குழாயின் உட்சுவர் நெகிழ்ந்து விரியும் ஆற்றல் குன்றுகிறது. இளமைக் குழாய் இதைத் தாங்கக்கூடும். நெடுநாள் நீரிழிவால் கொழுப்புப் படிந்த குழாயின் நிலையோ வேறு. துருவேறிய நீர்க்குழாயில் திடீரென வெள்ளத்தைத் திறந்துவிட்டாற்போன்றது அது.

வட அமெரிக்காவில் 10,251 நீரிழிவாளரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்த பிரிவில் இறப்புகள் மிகுந்ததால், 2008-இல் அம்முறையை நிறுத்தினர். அதற்குத் தாழ்சர்க்கரை ஒன்றே காரணம் என்று கூறுதல் முறையன்று. ஆயினும், அளவுக்கு மீறிக் குறைப்பதும் நன்றன்று என்ற எச்சரிக்கை பிறந்தது. இன்று மருத்துவர்கள் அவரவர் வயதையும் இதய நிலையையும் நோக்கி இலக்கை வகுக்கின்றனர்.

இதனால் மருந்தைப் பழிக்க வேண்டா. 1922-இல் டொராண்டோவில் முதன்முதல் மனிதருக்குச் செலுத்தப்பட்ட இன்சுலின் எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளது. பிழை மருந்தினுடையதன்று; உணவை ஒத்திவைத்த என்னுடையது.

உங்கள் இல்லத்தில் இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ கொள்ளும் ஒருவருக்கு நடுக்கம், வியர்வை, தடுமாற்றம், காரணமற்ற சினம் தோன்றினால், 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் குணமாகாவிடில் மீண்டும் கொடுங்கள், தெளிந்தபின் உணவளியுங்கள். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

என் நோயை வெட்கத்தால் மறைத்து வைத்திருந்தேன். அம்மாணவர் இவ்வுதவியைக் கற்றது என் வகுப்பிலன்று. நீரிழிவுற்ற தம் தாயாரைப் பேணிக் கற்றார். நான் கற்பிக்கத் தவறிய அப்பாடத்தையே இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன்.