சிறு சிவப்பு வெளிச்சம்
(எம்பிலிப்பிட்டிய, வருடாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நமது சங்கத்துக்கு நேர்ந்த ஒரு நஷ்டத்தைப் பற்றியும், அதற்கு நாம் செய்த பரிகாரத்தைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறோம். மிளகளவு மின்குமிழ் ஒன்றைப் பற்றிய பேச்சுத்தான். ஆயினும் விஷயம் சிறியதன்று.

ஒரு காகிதத்தின் அருமையை நமது தோட்டத்து மக்களைப்போல் அறிந்தவர் யார்? 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் முன்னோர் நாடற்றவராயினர். 1964-இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமாகப் பங்கிட்டது. அந்நாட்களில் பிறப்புப் பதிவு இல்லாதவர் பட்ட பாட்டை இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர் அறிவர். ஆகவேதான் வாலிபர் சிலர் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு பஸ் ஏறிப் போய், லயம் லயமாக நுழைந்து, குடும்பங்களின் பழைய பத்திரங்களையும் படங்களையும் பிரதி எடுத்து ஒரு ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்தோம். அதற்குப் பெட்டி வாங்கப் பணமில்லை. பலகையில் நாமே ஒரு பெட்டி செய்தோம்.

ஒருநாள் மாலை, பிரதிகள் பதிவாகிக் கொண்டிருக்கையிலேயே, வேலை முடிந்ததென்று எண்ணி ஒரு தம்பி கம்பியைக் கழற்றிவிட்டான். மறுநாள் அன்றைய பத்திரங்களுள் ஒன்றும் திறக்கவில்லை. மறுபடி தோட்டத்துக்குப் போனோம். ஒரு வீட்டுத் தாத்தா தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். கறையான் நமக்கு முந்திக்கொண்டது. “அதுதான் நீங்கள் படம் பிடித்தீர்களே, தம்பி” என்றார். நம்மிடம் பதில் இல்லை.

பிழை தம்பியுடையதா? டிஸ்க் வேலை செய்கிறதா, ஓய்ந்ததா என்று காட்ட நமது பெட்டியில் எதுவும் இருக்கவில்லையே!

டிஸ்குக்கும் கணினிக்கும் நடுவே ஒரு சிறு மின்சுற்றுப் பலகை உண்டு. நமது பலகையில் மணல் அளவான சிவப்பு எல்.ஈ.டி. ஒன்று இருந்தது. டிஸ்க் எழுதும்போதும் படிக்கும்போதும் அது மினுக்கும். ஆனால் மரப் பெட்டிக்குள் கிடந்து யாருக்கும் தெரியாமல் மினுக்கியது. அதைப் பெயர்த்தெடுத்து, அவ்விடத்தில் இரண்டு மெல்லிய கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டி, பெட்டியின் முகப்பில் துளையிட்டுப் பெரிய சிவப்புக் குமிழ் ஒன்றைப் பொருத்தினோம். குமிழின் நீண்ட கால் நேர்முனைக்குச் செல்லவேண்டும், மாற்றினால் எரியாது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை பலகையிலேயே இருந்தது. தனியாக 5 வோல்ட்டிலிருந்து எடுப்போர் 330 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்க்கவேண்டும். சிவப்புக் குமிழ் ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ள, எஞ்சிய 3 வோல்ட்டுக்கு ஓடுவது சுமார் 9 மில்லியம்பியர். அது போதும்.

1956-இல் ஐ.பி.எம். கம்பனி வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. கொள்ளளவோ சுமார் ஐம்பது இலட்சம் எழுத்துக்களே. 1962-இல் நிக் ஹொலொனியாக் சிவப்பு எல்.ஈ.டி.யை ஒளிரச் செய்தார். அவ்விரண்டும் இன்று நமது பலகைப் பெட்டியில் ஒன்றாய் இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. வெளிச்சம் நின்றதுமே கம்பியைக் கழற்றலாகாது. எழுதவேண்டியதைக் கணினி சிறிது நேரம் தன் நினைவகத்தில் தேக்கி வைத்திருப்பதும் உண்டு. ஆகவே முதலில் கணினியில் விடைபெறும் கட்டளையைக் கொடுங்கள். அது சம்மதம் சொன்னபின், வெளிச்சமும் ஓய்ந்திருக்கக் கண்டு கழற்றுங்கள். இரண்டாவது பிரதி ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். எந்த விளக்கும் இரண்டாவது பிரதிக்கு ஈடாகாது.

அந்தத் தாத்தாவின் பத்திரத்தை நாம் மீட்கவில்லை. பதிவேட்டில் தேடி மறுபிரதி பெற அவருக்குத் துணை நிற்பது நமது கடன். அதற்கு இரண்டு வாலிபர் முன்வரவேண்டுமெனக் கேட்டு அமைகிறோம்.