ஆற்றில் இறங்கும் முன்: கையடக்க ஜிபிஎஸ்ஸும் வரைபடமும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கத் தலைவர் என்னை ஏன் பேசச் சொன்னார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நம் குடியிருப்பில் இப்போது நான்கு வீடுகளில் கயாக் இருக்கிறது. முசிறியிலிருந்து முக்கொம்பு வரை போய் வரலாம் என்று பிள்ளைகள் திட்டம் போடுகிறார்கள். "எந்த ஜிபிஎஸ் வாங்கலாம் அங்கிள்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

போன தை மாதம் ஒரு மாலை, தனியாகக் கிழக்கு நோக்கிப் போனேன். ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்தது. போனில் இருந்த வரைபடம் முழு ஆற்றையும் நீல நிறத்தில் காட்டியது. அங்கே போய்ப் பார்த்தால் பாதி மணல் திட்டு, மீதி நாணல். எந்த வாய்க்காலில் நுழைந்தாலும் சிறிது தூரத்தில் தரை தட்டியது. படகை இழுத்து இழுத்து நடந்ததில் இருட்டிவிட்டது. போனில் சார்ஜ் தீரப் போகிறது. என் கையில் இருந்த பழைய ஜிபிஎஸ் கருவியில் தெரிந்த எண்களை மகனிடம் படித்துச் சொன்னேன். அதோடு போன் அணைந்துவிட்டது.

கருவி காட்டியது 10 டிகிரி 56.1 நிமிடம். நான் படித்தது "பத்து புள்ளி ஐந்து ஆறு ஒன்று". மகன் அதை அப்படியே போனில் போட்டான். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, மணப்பாறைக்கும் அப்பால் போய் நின்றது புள்ளி. எண் தவறு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சரியான எண்ணைக் கேட்க வழியில்லை. என் மனைவி குளித்தலைப் பாலத்தின் மேல் நின்று இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். என் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துப் பரிசல்காரர் ஒருவர் வந்ததால் கரை சேர்ந்தேன்.

கருவி சரியாகத்தான் வேலை செய்தது. அது சொன்னதைக் கரையில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்ல எனக்குத்தான் தெரியவில்லை. ஆகவே கருவி வாங்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: நனைந்த கையோடு, இருட்டில், நான் இருக்கும் இடத்தை இதைப் பார்த்து இன்னொருவருக்குச் சொல்ல முடியுமா?

இதை வைத்துப் பார்த்தால் தேர்வு எளிது. முதலில், பொத்தான் உள்ள கருவியாக வாங்குங்கள். தொடுதிரை ஈர விரலுக்குச் சரியாகக் கட்டுப்படாது. அடுத்தது, பென்சில் பேட்டரியில் ஓடும் கருவி நல்லது. மாற்று பேட்டரியை ஜிப் கவரில் போட்டு எடுத்துப் போகலாம். மூன்றாவதாக, ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். மிதக்கும் என்று பொருள் இல்லை. கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 79 மிதக்கும். விலை குறைந்த இ-ட்ரெக்ஸ் வகை மூழ்கிவிடும். எதை வாங்கினாலும் லைஃப் ஜாக்கெட்டோடு கயிறு போட்டுக் கட்டுங்கள். படகில் கட்டாதீர்கள். படகு கவிழ்ந்தால் அது உங்களை விட்டுப் போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் போன்ற கருவிகளை வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வாங்கி வரக்கூடும். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். இடத்தை மட்டும் காட்டும் சாதாரண ஜிபிஎஸ் போதும்.

இனி வரைபடம். சர்வே ஆப் இந்தியாவின் 1:50,000 அளவுத் தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். பழைய எண் வரிசையில் முசிறி 58 ஜே/5, திருச்சி 58 ஜே/9. ஊர்கள், கோயில்கள், கரைக்கு வரும் பாதைகள் அதில் தெளிவாக இருக்கும். பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற அளவீட்டில் வரைந்தவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. இரண்டையும் கலந்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். ஆற்றில் அது கரைக்கும் நட்டாற்றுக்கும் உள்ள தூரம். எனவே புதிய தாளை எடுங்கள். போனில் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மாண்ட் ஆப்பைப் போட்டு, வீட்டு வைஃபையிலேயே வரைபடத்தை இறக்கி வையுங்கள். நட்டாற்றில் சிக்னலை நம்ப முடியாது.

ஆனால் எந்த வரைபடமும் கரையைத்தான் சொல்லும். அகண்ட காவிரியில் திட்டுகள் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இடம் மாறும். மணல் அள்ளிய குழிகளை எந்த வரைபடமும் காட்டாது. கட்டடங்கள்கூட மாறுகின்றன. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன. பிறகு அங்கே புதிய கதவணை கட்டினார்கள். அதற்கு முந்தைய படத்தை நம்பிப் போனால் என்ன ஆகும்? தண்ணீரைப் பற்றிப் பரிசல்காரரிடம் கேளுங்கள். மேட்டூரிலும் மாயனூர் கதவணையிலும் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று அன்று காலையே விசாரியுங்கள். ஆற்றில் இறங்க வேண்டாம் என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்திருந்தால் கயாக் வீட்டிலேயே இருக்கட்டும்.

கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை நான்கு.

1. கருவியிலும் போனிலும் டிகிரி புள்ளி வடிவத்தையே வையுங்கள். வீட்டு வாசலில் நின்று படித்துப் பாருங்கள். முசிறியில் 10.9, 78.4 என்றுதான் தொடங்க வேண்டும்.

2. கரையேறும் இடங்களை முன்கூட்டியே கருவியில் குறித்து வையுங்கள். கடைசி இடம் முக்கொம்புக்குக் குறைந்தது இரண்டு கிலோமீட்டர் முன்பே இருக்கட்டும். மதகுகளின் பக்கம் நீரின் இழுப்புக்கு எந்தத் துடுப்பும் ஈடு கொடுக்காது.

3. அதே பட்டியலைத் தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் 112-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள்.

4. தனியாகப் போகாதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் படித்துறையில் என் பழைய கருவியோடு இருப்பேன். கயாக் இல்லாதவர்களும் வாருங்கள். குறிப்பாக, வீட்டில் காத்திருக்கப் போகிறவர்கள் வாருங்கள். போனில் வரும் எண்ணைச் சரியாக எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் நீங்கள்தான்.