ஸ்டெப்னி இல்லாத கார்ல ஊருக்குப் போறீங்களா?

இன்னைக்கு கோடிங் இல்ல, டயர் பத்திப் பேசலாம்.

அம்மாவுக்கு மதுரையில முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு, ராஜபாளையத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டிருந்தேன். ராத்திரி பத்து மணி. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியாச்சு, வீட்டுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர்கூட இல்ல. ஒரு பள்ளத்தோட விளிம்புல இடது முன்சக்கரம் இறங்குச்சு. 'டொப்'னு சத்தம். டேஷ்போர்டுல டயர் லைட் எரிஞ்சது.

என் கார்ல ஸ்டெப்னி கிடையாது. சட்டப்படி அது தப்பும் இல்ல. 2020-ல மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்துச்சு. 3.5 டன்னுக்கு உட்பட்ட கார்ல ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கிற சென்சார், ரிப்பேர் கிட் மூணும் இருந்தா ஸ்டெப்னி கட்டாயமில்ல.

அந்த நம்பிக்கையில கிட்டை எடுத்து சீலன்ட்டை ஏத்தினேன். ஏத்தினது மொத்தமும் என் செருப்புல கொட்டுச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா, டயரோட பக்கவாட்டுல ரெண்டு விரல் நீளத்துக்குக் கிழிசல். அப்புறம்தான் கிட்டோட வந்த தாளைப் படிச்சேன். ரோட்டுல படுற பகுதியில ஆணி போட்ட சின்ன ஓட்டையைத்தான் அது அடைக்குமாம். டாக்குமென்டேஷன் படிங்கடான்னு ஆபீஸ்ல ஜூனியர்களைத் திட்டுறவன் நான்!

அம்மா பின் சீட்ல இருந்து, "பால்கோவா வாங்கியிருந்தா இப்ப உக்காந்து சாப்பிட்டிருக்கலாம்டா"ன்னாங்க. சிரிச்சோம். ஆனா மடக்க முடியாத காலோட அவங்களை ஒரு ஆட்டோவுல ஏத்தி அனுப்புனப்ப சிரிப்பு வரல.

மறுநாள் இன்னொரு பாடம். என் டயர் சைஸ் ஊர்ல எந்தக் கடையிலயும் ஸ்டாக் இல்ல. மதுரையில இருந்துதான் வந்துச்சு.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க:

கிட்டை வீட்டு வாசல்லயே ஒரு தடவை எடுத்துப் பாருங்க. சீலன்ட் பாட்டில்ல எக்ஸ்பைரி தேதி இருக்கும். காத்தடிக்கிற பம்ப் ஓடுதான்னு செக் பண்ணுங்க.

டயர்ல ஆணி தெரிஞ்சா உடனே பிடுங்காதீங்க. அதுவே கொஞ்ச நேரம் ஓட்டையை அடைச்சு வச்சிருக்கும். காத்து மெதுவா இறங்குதுன்னா, காத்தடிச்சுக்கிட்டே பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போயிடலாம்.

சீலன்ட் ஏத்தினாலும் அது தற்காலிகம்தான். மெதுவா ஓட்டி, நேரா கடைக்குப் போங்க.

டயர் சைஸை போன்ல குறிச்சு வைங்க. கூடவே இன்சூரன்ஸோட ரோட்சைட் உதவி எண், தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

நீண்ட தூரம்னா, அதே மாடல் கார் வச்சிருக்கிற நண்பர்கிட்ட ஸ்டெப்னி இருந்தா கடன் கேளுங்க. ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் சேர்த்து வாங்கிக்கோங்க.

கிட் இருக்குன்னா ஸ்டெப்னி இருக்குன்னு அர்த்தம் இல்ல மக்களே. கூட வர்றவங்க யாரு, அவங்களால ரோட்டோரம் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்னு முதல்ல யோசிங்க. அம்மா இப்ப நல்லா நடக்கிறாங்க. ஆனா கார்ல ஏறும்போதெல்லாம், "டயரைப் பாத்தியாடா?"ன்னு கேக்காம ஏற மாட்டாங்க.