மே மாதம் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை

சென்னையில் பழைய தனி வீடு ஒன்றை வாங்கி, மராமத்து பார்த்து, வாடகைக்கு விடலாம், நல்ல விலை வந்தால் கைமாற்றிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இப்போது நிறைய. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார்கள். வீட்டைப் பார்க்க மட்டும் அரை மணி நேரம். அதுவும் பெயின்ட் வாசனை போகாத வீட்டை!

கோடையில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு தடவை பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள் என்பேன். காரணம் மண். திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரத்தில் மணல். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் பக்கம் பெரும்பாலும் களிமண். களிமண் மழை நீரைக் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். கடைக்கால் ஆழமில்லாத வீடு அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். மே மாதம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், மழைக்காலம் முடியும்போது பாதி மூடியிருக்கும். அந்த நேரம் பார்த்துப் பட்டி வைத்துத் தேய்த்துவிட்டால் யாருக்குத் தெரியும்? இந்த மாதிரி மண்ணுக்காகவே, அடியில் குமிழ்போல் அகன்ற பைல் அஸ்திவாரத்தை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்தது. மண் அசையும் ஆழத்தைத் தாண்டி, சுமார் மூன்றரை மீட்டருக்கு அதை இறக்குவார்கள். பழைய வீடுகள் பலவற்றில் அது இருக்காது.

விரிசல் எல்லாமே ஆபத்தில்லை. பூச்சில் மட்டும் ஓடும் மெல்லிய கீறலை விட்டுவிடலாம். செங்கல் இணைப்பு வழியே படிப்படியாக ஏறுகிறதா, சுவரின் இரண்டு பக்கமும் தெரிகிறதா, அப்போது கவனம் வேண்டும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதிவைப்பார்கள் அனுபவப்பட்ட பொறியாளர்கள். கண்ணாடி உடைந்தால் வீடு இன்னும் அசைகிறது என்று பொருள்.

அடுத்தது ஓதம். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், நிலத்து ஈரம் செங்கல் வழியே ஏறுகிறது. இதற்கு நம் ஊரில் நடக்கும் வைத்தியம் வேடிக்கை. பூச்சைக் கொத்திவிட்டு, கனமாகச் சிமென்ட் பூசி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவது! உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேல் உப்பைத் தள்ளும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவருக்கு இது இரட்டிப்புக் கேடு. சுண்ணாம்புப் பூச்சுதான் அதன் ஈரத்தை வெளியே விடும்.

ஓதத்துக்குக் காரணம் பல நேரம் வாசலிலேயே கிடக்கும். சாலையை மேலே மேலே போட்டு, தெரு உயர்ந்து, வீடு பள்ளமாகியிருக்கும். அல்லது வீட்டுக்காரரே சுற்றிலும் மண் கொட்டித் தளம் போட்டிருப்பார். ஈரம் ஏறாமலிருக்கச் சுவரின் அடியில் போட்ட ஓதத் தடுப்புப் பூச்சுக்கு மேலே வெளித்தரை போய்விட்டால், தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும். அந்தத் தரையைக் கொத்தித் தாழ்த்துவது, மழைக்குழாயைச் சுவரைவிட்டுத் தள்ளி இறக்குவது, சாக்கடைக் குழாய்க் கசிவை அடைப்பது, இதெல்லாம் முதல் வேலை. பிறகு சுவர் காயட்டும். ஒன்பது அங்குலச் சுவர் உலர மாதக்கணக்காகும். வாடகை வராத அந்த மாதங்களையும் முதலீட்டுக் கணக்கில் சேர்க்கவேண்டும், பலர் சேர்ப்பதில்லை.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சந்தேகமா? ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்னால் கோத்தால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்துவைத்தாலே பாதி சரியாகும்.

மொட்டைமாடிக்கு ஒரு வார்த்தை: கூரையின் அடியில் கம்பி தெரிந்து துருப்பிடித்திருந்தால், அது வெறும் பூச்சு வேலையில்லை. துரு கம்பியைப் பெருக்கிக் காங்கிரீட்டைப் பிளக்கும். கடலோரக் காற்றில் சீக்கிரமே நடக்கும்.

"மேலே ஒரு மாடி போட்டால் வாடகை இரட்டிப்பு சார்" என்று தரகர் சொல்வார். பழைய சுவரும் கடைக்காலும் அந்தப் பாரத்தை நினைத்துக் கட்டியவையல்ல. சுவரோரம் ஒரு குழி வெட்டி, கடைக்கால் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். குழி வெட்ட விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால், ஒரு தளத்து வாடகையை வைத்தே விலை பேசுங்கள்.