செல்பேசியின் தலைமுறைகளும் கடைசிப் பயனாளியும்

(மைசூருவில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

கம்பியில்லாத் தொடர்பு மைசூருவுக்குப் புதிதன்று. 1935இல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி இந்நகரில் தம் இல்லத்தில் தொடங்கிய வானொலி நிலையத்திற்கு ‘ஆகாசவாணி’ எனப் பெயர் வழங்கியது. அன்று ஒருவர் பேசினார், பலர் கேட்டனர். இன்றோ அனைவரும் பேச விரும்புகின்றனர். ஆனால் அலைக்கற்றை அளவுக்குட்பட்ட பொதுச் சொத்து. அதனைப் பலரும் பகிர்ந்துகொள்ளக் கண்ட வழிகளே செல்பேசியின் தலைமுறைகள்.

படிப்படியான வளர்ச்சி

1979இல் டோக்கியோவில் தொடங்கிய முதல் தலைமுறையில், ஓர் உரையாடல் முடியும்வரை ஓர் அலைவரிசை முழுவதும் அதற்கே உரியதாயிற்று. 1991இல் பின்லாந்தில் அறிமுகமான இரண்டாம் தலைமுறை, பேச்சை எண்களாக மாற்றி, ஓர் அலைவரிசையை நேரக்கூறுகளாகப் பிரித்து எட்டுப் பேருக்கு அளித்தது. மூன்றாம் தலைமுறை (ஜப்பான், 2001) இணையப் பயன்பாட்டை விரைவுபடுத்தியது. 2009இல் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் தொடங்கிய நான்காம் தலைமுறையில் பேச்சும் தரவாகவே செல்கிறது.

இந்தியா நேராக இரண்டாம் தலைமுறையில் அடியெடுத்து வைத்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் செல்பேசியில் உரையாடினார். அந்நாளில் அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 1999ஆம் ஆண்டுக் கொள்கை, நிலையான உரிமக் கட்டணத்திற்குப் பதிலாக வருவாய்ப் பங்கீட்டைக் கொணர்ந்தது. 2003இல் வரும் அழைப்புக்கான கட்டணம் நீங்கியது. செல்பேசி எளியோர் கைக்கு வந்ததற்குத் தொழில்நுட்பத்தைப் போலவே இவ்விதிகளும் காரணம்.

மாற்றத்தின் விலை

ஐந்தாம் தலைமுறைச் சேவை 2022 அக்டோபர் 1 அன்று நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. வேகம் வளர்ந்ததை மறுப்பார் இலர். எனினும், நான்காம் தலைமுறைச் சேவை மட்டுமே உள்ள வலைப்பின்னலில் பழைய பொத்தான் கைபேசி இயங்காது. புதிய கருவியின் விலையைச் சுமப்பவர் பயனாளியே. நன்மை பலருக்கும் பரவ, செலவின் பாரம் ஏழையின் மீது கூடுதலாக விழுகிறது.

இதற்கு மாற்று வழி உண்டு. 1986இல் இம்மாநிலத்தின் கித்தூரில் சி-டாட் நிறுவனம் நிறுவிய 128 இணைப்புகள் கொண்ட ஊரக இணைப்பகம், குளிர்சாதன வசதி இல்லாமலே இயங்குமாறு வடிவமைக்கப்பட்டது. கிராமத்தின் நிலைக்கேற்பக் கருவி அமைந்தது. 2022 மார்ச்சில் அறிமுகமான ‘யு.பி.ஐ. 123 பே’ திட்டமும் சாதாரணக் கைபேசி வைத்திருப்போருக்குப் பணப் பரிமாற்றத்தை எட்டச் செய்தது.

ஆகவே, அலுவலர்கள் ஒரு சேவையைச் செயலிக்கு மாற்றுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நலம்: ஹெக்கடதேவனகோட்டையின் வனச் சிற்றூரில் பொத்தான் கைபேசி வைத்திருக்கும் மூதாட்டி, குரல் அழைப்பாலோ குறுஞ்செய்தியாலோ இதனைப் பெற முடியுமா? விடை ‘இல்லை’ எனில், அந்த மாற்றம் இன்னும் முழுமை பெறவில்லை என்றே கொள்ள வேண்டும்.