மிளகும் மிளகாயும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'கலப்பும் மரபும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். பிறமொழிக் கவிதையிலிருந்து எதைக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்னும் வினா நம் கூட்டங்களில் ஓயாது எழுவது. ஐக்கூவைப் பற்றி எழுந்தது; இலத்தீன் அமெரிக்க மாய எதார்த்தம் பற்றியும் எழுந்தது. அதற்கான விடையை யாப்பு நூல்களில் தேடாமல் அடுக்களையில் தேடிப் பார்க்க விழைகிறேன்.

சென்னையில் ஓர் ஓவியக் கூடத்தை அடுத்துப் புதிதாகத் திறந்திருந்த மெக்சிகக் கலப்புணவகம் ஒன்றில் அண்மையில் உண்ண நேர்ந்தது. மக்காச்சோள ரொட்டியில் பனீரும் தக்காளியும் பச்சை மிளகாயும் வைத்து மடித்துத் தந்தனர். இரு நாட்டுச் சுவைகளும் முதன்முறையாகச் சந்திக்கும் இடம் இது என்று உணவுப் பட்டியல் பெருமை பேசியது. உணவின் சுவையில் குறையில்லை, வரலாற்றில்தான் குறை. அந்தச் சந்திப்பு நம் வீட்டு அம்மிக்கல்லில் எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது.

சங்க காலத்தில் 'கறி' என்றால் மிளகு. நம் ஊரின் பெயரையே தாங்கிய சேர நாட்டு முசிறித் துறையில் யவனர் பொன்னைக் கொடுத்துப் பெற்றுச் சென்ற செல்வம் அதுவே. அதே மிளகைத் தேடி 1492இல் மேற்கே கப்பல் விட்ட கொலம்பஸ் கண்டது மிளகன்று, மிளகாய். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபின், போர்த்துக்கீசியர் வாயிலாக அது நம் கரைக்கு வந்தது. மெக்சிகத்து மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகள் விளைந்த அக்காய்க்குத் தமிழர் புதுப்பெயர் தேடி அலையவில்லை. மிளகைப் போல் உறைக்கும் காய், ஆதலின் மிளகாய். தக்காளிக்கும் அவ்வாறே நம் மண்ணின் பழஞ்செடியொன்றின் பெயரைச் சூட்டினர். சப்போட்டாவோ, ஆஸ்டெக் மக்களின் சொல்லையே ஸ்பானியர் வழியாகச் சுமந்து வந்து நம் தோட்டத்தில் நிற்கிறது. திருவரங்கத்துப் பூச்சந்தையில் கூடை கூடையாக விலைபோகும் நிலச்சம்பங்கியும் மெக்சிகத்துப் பூவே.

இத்தனை பெரிய கலப்பை நிகழ்த்தியவர் யார்? மன்னரில்லை, புலவரில்லை. பெயர் எழுதி வைக்கப்படாத பெண்கள். எத்தனை மிளகாய்க்கு எத்தனை புளி என்று நாவால் அளந்தவர்கள் அவர்கள். மெக்சிகப் பெண்டிரும் அம்மியை ஒத்த கல்லில் குழவியால்தான் அரைத்தனர் என்பதை எண்ணும்போது எனக்கு ஓர் உறவு தோன்றுகிறது.

இவ்வுறவை உணர்ந்த கவிஞர் ஒருவர் உண்டு. மெக்சிகத்தின் ஒக்தாவியோ பாஸ், 1962 முதல் 1968 வரை இந்தியாவில் தூதராக இருந்தவர். 1990இல் நோபல் பரிசு பெற்றவர். இந்தியா பற்றி 1995இல் வெளியிட்ட நூலில், தம் நாட்டு 'மோலே' என்னும் குழம்பையும் நம் குழம்பையும் அருகருகே வைத்து, எது எதனின் வழித்தோன்றல் என விளையாட்டாக வினவுகிறார். மதுரையும் உதகையும் அவர் கவிதைகளுக்குத் தலைப்பாயின. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதனும் நண்பர்களும் 'குழு 1890' என்னும் பெயரில் 1963இல் தில்லியில் நடத்திய ஓவியக் காட்சிக்கு அறிமுகவுரை எழுதியவரும் அவரே. 1968இல் மெக்சிகோ நகரில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் தூதர் பதவியைத் துறந்தார். பிற நாட்டை நெஞ்சார ஏற்றவர், தம் மண்ணின் துயரத்திலிருந்து விலகி நிற்கவில்லை. கலப்பு என்பது வேரை இழப்பதன்று என்பதற்கு இவ்வாழ்வே சான்று.

அப்படியாயின் எல்லாவற்றையும் ஏற்க வேண்டுமா? இவ்விடத்தில் திருவரங்கத்து மடைப்பள்ளியை நினைத்துப் பாருங்கள். வைணவக் கோயில் மடைப்பள்ளி மரபில் இன்றும் காரத்துக்கு மிளகுதான், மிளகாய்க்கு இடமில்லை. தமிழர் நாவின் பழைய நினைவு அங்கே அணையாமல் காக்கப்படுகிறது. ஆயினும் அதே கோயிலில் துலுக்க நாச்சியாருக்காக நாள்தோறும் ரொட்டி படைக்கப்படுகிறது. அரங்கன்மேல் காதல் கொண்டு தில்லியிலிருந்து தொடர்ந்து வந்த சுல்தான் மகள் என்பது அந்நாச்சியாரின் கதை. மிளகாயைக் கொள்ளாத மரபு ரொட்டியைக் கொண்டது எதனால்? அயலது என்பதற்காக அது எதையும் ஒதுக்கவில்லை; புதிது என்பதற்காக எதையும் கொள்ளவுமில்லை. அன்பு வாசலில் வந்து நின்றபோது கதவைத் திறந்தது.

இனி ஓர் எச்சரிக்கை. மெக்சிகத்தார் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, பிறகே அரைப்பர். தானியத்துள் கட்டுண்டு கிடக்கும் உயிர்ச்சத்தொன்று அதனால்தான் உடலில் சேரும். ஐரோப்பியர் தானியத்தை மட்டும் கொண்டு சென்றனர். அந்தப் பக்குவத்தைக் கொண்டு செல்லவில்லை. மக்காச்சோளமே உணவாகிப் போன ஏழை மக்களைப் பெல்லக்ரா என்னும் நோய் தாக்கியது. 1735இலேயே ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர் அந்நோயைக் குறித்து வைத்தார். தோல் கருகி, அறிவு மயங்கி மாண்டவர் பலர்.

கவிஞர்களே, இது நமக்கும் பொருந்தும். மாய எதார்த்தத்தின் பறக்கும் பெண்ணையும் பேசும் பிணத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றை ஈன்ற மக்களின் வரலாற்றையும் வலியையும் விட்டுவிட்டால், நாம் கொண்டுவருவது பக்குவமறியாத தானியம். வயிறு நிறையும்; உடல் தேறாது. மூன்றடியில் எழுதியதெல்லாம் ஐக்கூ ஆகாமற் போவதும் இதனாலேயே.

ஆகவே, கொள்வதற்கு முன் மூன்றைக் கேட்போம். இதற்கு நம் மொழியில் ஒரு பெயர் பிறக்குமா? இதன் பக்குவத்தையும் சேர்த்துக் கற்றோமா? இதனோடு நமக்கு ஓர் உறவு உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயக்கம் வேண்டா. நாளைய தலைமுறை அதை அயலது என்றே அறியாது. மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை இன்று நம்மால் எண்ணிப் பார்க்க இயலுகிறதா?

காவிரிக் கரையில் பத்தாண்டுகள் தளராது கூடி, பழையதையும் புதியதையும் ஒரே பந்தியில் பரிமாறி வரும் இவ்வட்டம் மேன்மேலும் தழைக்க வேண்டும் என வாழ்த்தி அமைகிறேன்.